பெட்ரோல் முள்ளும் மீட்டரம்மாவும்

சாவியைப் பாதி திருப்பி நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, மீட்டரம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறார். எஞ்சின் ஓடவில்லை. பெட்ரோல் முள் மட்டும் தூக்கக் கலக்கத்தில் எழுந்திருப்பதைப்போல மெல்ல எழும்பி, பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கிறது. அவர் அதையே பார்க்கிறார். வெளியே நிற்கும் வண்டிக்காரர் கால் மாற்றி நிற்கிறார், இருமுகிறார், கடைசியில் பொறுக்க முடியாமல் ஜன்னலுக்குள் தலையை நீட்டுகிறார்.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சுங்க. நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

வண்டிக்காரர் போகமாட்டார். யாருமே போவதில்லை. பழுது பார்ப்பதென்றால் ஸ்பேனரும் சத்தமும் கரியும் வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தானே நாமெல்லாம்? ஒரு பெண்மணி வண்டிக்குள் ஏறி, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? மீட்டரம்மாவுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். முள் எந்த வேகத்தில் எழும்புகிறது, நின்ற பிறகு ஆடுகிறதா, சாவியைத் திருப்பி எடுத்ததும் எப்படி விழுகிறது என்று பார்த்து முடிக்கும்வரை அவர் இறங்கமாட்டார்.

கொட்டகையின் முன்பாதி அவருடைய கணவருக்குச் சொந்தம். அவர் எஞ்சின்காரர். பின்பாதியில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், மீட்டரம்மாவின் மேசை. வேகமுள், பெட்ரோல்முள், சூட்டுமுள் என்று ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆடுகிற எல்லாம் இந்த மேசைக்குத்தான் வரும். "மீட்டர் பாக்குற அம்மா எங்க இருக்காங்க?" என்று யாரோ கேட்கப்போய், அது தேய்ந்து மீட்டரம்மா ஆகிவிட்டது. வீட்டு மின்சார மீட்டர் ஓடவில்லை என்று இரண்டு பேர் தேடி வந்ததும் உண்டு. அவர்களையும் வெறுங்கையோடு அனுப்பாமல், யாரிடம் போக வேண்டும் என்று வழி சொல்லித்தான் அனுப்பினார்.

ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில் ஒரு சோதனை விளக்கு எப்போதும் இருக்கும். பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து அவரே செய்தது. மேசைமேல் ஏழு அறைகள் கொண்ட ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. கணவரின் ரத்த அழுத்த மாத்திரைக்காக வாங்கியது. ஒரே மாதத்தில் மாத்திரையெல்லாம் அவர் சட்டைப்பைக்குக் குடிபோய்விட, டப்பாவுக்குள் ஸ்க்ரூக்கள் குடிவந்துவிட்டன. முதலில் கழற்றியது ஞாயிறு, அடுத்தது திங்கள் என்று வரிசையாகப் போட்டு வைப்பார். மாட்டும்போது சனியிலிருந்து திரும்பி வருவார். "வியாழக்கிழமை ஸ்க்ரூவை யாரு எடுத்தது?" என்று கொட்டகையே அதிர ஒரு குரல் வந்தால், எஞ்சின்காரர் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பதுதான் வழக்கம்.

இருவருக்கும் தொழில்முறைச் சண்டை தினமும் உண்டு.

"நீ ஒரு வண்டிக்குள்ள உக்காந்து எழுந்திரிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு எஞ்சினை இறக்கி ஏத்திடுவேன்" என்பார் அவர்.

"ஏத்துவீங்க. ஏத்தி முடிச்சதும் நாலு நட்டு கையில மிச்சம் இருக்கும்."

மீட்டர் கண்ணாடிமேல் விரலால் தட்டுகிறவர்களைக் கண்டால் மீட்டரம்மாவுக்கு ஆகாது. முள் அசையவில்லையென்றால் நாம் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். "தட்டுறதுக்கு அது என்ன கதவா? உள்ள ஆள் இருந்தா திறக்கப்போறாங்களா?" என்று கேட்டுவிடுவார். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்ப்பதில்லை. தட்டினால் திட்டு நிச்சயம்.

இத்தனைக்கும் அவருடைய ஸ்கூட்டரில் பெட்ரோல் முள்ளே கிடையாது. பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்றை டேங்குக்குள் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று பார்ப்பார். ஊருக்கெல்லாம் முள் பார்க்கிறவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், "முள்ளு நல்லாத்தான் வேலை செய்யும். ஆனா எனக்கு அது எப்படியெல்லாம் பொய் சொல்லும்னு தெரியுமே" என்று சிரிப்பார். பொய் சொல்லும் விதங்களை அவர் அடுக்கத் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். டேங்குக்குள் மிதக்கும் ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கினால், நிறைந்த டேங்கையும் காலி என்னும். வயர் எங்காவது உரசி வண்டி உடம்பில் பட்டுவிட்டால், காலி டேங்கை நிறைந்தது என்னும். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு காரணம் இருக்கிறது, காரணமில்லாமல் எந்த முள்ளும் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

வண்டியோடு வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றேதான். "என்ன ஆச்சுன்னு சொல்லாதீங்க. என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க." இந்த வித்தியாசம் புரிவதற்கே பலருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஃப்ளோட் போய்விட்டது என்பார்கள், வயர் போய்விட்டது என்பார்கள், இவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்பார். உறுதியாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வாங்குவதும் லேசுப்பட்ட காரியமில்லை. எதற்கும் "பாப்போம்"தான். வீட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட "பாப்போம்" என்கிறார் என்பது எஞ்சின்காரரின் நீண்டநாள் புகார்.

சென்ற வாரம் ஒரு முற்பகலில் முப்பத்தைந்து வயதான நீலநிற கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நெடுநெடுவென்று உயரமான ஒரு மகன். பக்கத்தில் அவருடைய அப்பா. வண்டி அப்பாவுடையது. ஓய்வு பெற்ற சர்வேயர். நாற்பது வருடம் வயலையும் மேட்டையும் சங்கிலி பிடித்து அளந்தவர், அரை அடி இடித்தாலும் திரும்ப நடந்துபோய் முதலிலிருந்து அளக்கிறவர் என்று பெயர் வாங்கியவர். சிறிய உருவம். இறங்கியும் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

விஷயத்தை மகன்தான் சொன்னார். இரண்டு மாதத்தில் இரண்டு முறை வண்டி பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை மேம்பாலத்தின் மேல், பின் சீட்டில் பேத்தி இருக்கும்போது. பின்னால் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்க, குழந்தை அழ, யாரோ நாலு பேர் தள்ளிக் கீழே கொண்டுவந்தார்களாம். முள் சரியாகக் காட்டவில்லை என்று அப்பா சொன்னதால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃப்ளோட்டை மாற்றினார்கள். இன்னொன்றில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"முள்ளுல ஒண்ணும் இல்லம்மா. அப்பா பாக்க மறந்துடுறாரு. வயசாயிடுச்சு, தப்பில்ல. சாயங்காலம் வண்டியை வாங்க ஆள் வராங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உங்ககிட்ட காட்டணும்னு பிடிவாதம் பிடிச்சாரு. அவரு திருப்திக்காகத்தான்."

இதைச் சொல்லும்போது மகன் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. மேம்பாலத்தில் சிக்கி அழுத மகளை அவர் இன்னும் மனசிலிருந்து இறக்கி வைக்கவில்லை. சாவியை அன்றே வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டாராம். சர்வேயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசவில்லை. பேசாததுதான் மீட்டரம்மாவுக்கு என்னவோ போலிருந்தது. தன் கண்ணால் பார்த்ததை நம்பாத ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையில் சின்னச் சின்னத் துண்டுக் காகிதங்கள் எட்டிப் பார்த்தன. கேஸ் மூடியாச்சு, கதவு பூட்டியாச்சு, பெட்ரோல் போட்டாச்சு என்று எல்லாவற்றையும் இப்போது எழுதி வைத்துக்கொள்கிறாராம். அதையும் மகன்தான் சொன்னார்.

மீட்டரம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, பாலத்துமேல நின்னப்ப என்ன பாத்தீங்க?"

"அது... கால் டேங்குக்குக் குறையாம காட்டுச்சு. அப்படித்தான் எனக்கு ஞாபகம்."

"அவரு அப்படித்தாம்மா சொல்லிட்டிருக்காரு" என்று மகன் இடையில் வந்தார்.

"நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

"நான் இல்ல."

"அப்ப கொஞ்சம் இருங்க." மறுபடி அப்பாவிடம். "சூட்டு முள்ளு எங்க இருந்துச்சு?"

சர்வேயர் நிமிர்ந்தார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. "அது மேல ஏறிடுச்சும்மா. அடிக்கடி அப்படி ஏறும். எஞ்சின் வெந்துடுமோன்னு ஓரமா நிறுத்திடுவேன். அன்னிக்கும் நான் அதைத்தான் கவனிச்சுட்டிருந்தேன்."

"அது இன்னொரு கதை" என்றார் மகன். "சூடாவுதுன்னு நாலு இடத்துல நிறுத்துவாரு. திறந்து பாத்தா ரேடியேட்டர்ல தண்ணி அப்படியே இருக்கும். எஞ்சினும் சாதாரணமாத்தான் இருக்கும். மறதி ஒரு பக்கம், இது ஒரு பக்கம்."

மீட்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அவரை அறிந்தவர்களுக்கு இது போதும், ஏதோ பிடிபட்டுவிட்டது. எஞ்சின்காரர் அங்கிருந்தே கவனித்துவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினார்.

"ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறுமா, தனித்தனியாவா?"

சர்வேயர் கண்ணை மூடி யோசித்தார். அளந்த நிலத்தை நினைவுக்குக் கொண்டுவருகிறவர் மாதிரி, நிதானமாக. "சேர்ந்துதாம்மா. மேடு பள்ளத்துல போனா ஏறும். சேர்ந்துதான் ஏறும்."

மீட்டரம்மா வண்டிக்குள் ஏறினார். மகன் எஞ்சினை ஓடவிட்டார். முதல் நாள்தான் காலி டேங்கில் பத்து லிட்டர் போட்டாராம், முள்ளும் அதற்கேற்ற மாதிரி சரியாகக் கால் டேங்கில் நின்றது. எஞ்சின் சூடாக ஆக, சூட்டு முள்ளும் நடுவில் வந்து ஒழுங்காக நின்றது. "பாருங்க, சரியாத்தானே காட்டுது?" என்றார் மகன். "இப்ப காட்டுது" என்றார் மீட்டரம்மா. கால் மணி, அரை மணி போனது. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சர்வேயரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போயிற்று. முள் தன் பக்கம் சாட்சி சொல்லாது என்று முடிவு கட்டிவிட்டவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று மீட்டரம்மா கூப்பிட்டார். எஞ்சின்காரர் வந்தார். நல்ல கனத்த உடம்பு. "முன்னாடி நின்னு வண்டியை அமுக்கி அமுக்கி விடுங்க."

"எதுக்கு?"

"எனக்கு இப்ப ஒரு மேடு பள்ளம் வேணும். இந்தக் கொட்டகையில நீங்கதான் இருக்கீங்க."

எஞ்சின்காரர் முனகிக்கொண்டே பானட்டின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினார். வண்டி குனிந்து நிமிர்ந்தது. பத்து முறை, இருபது முறை. அவருக்கு மூச்சு வாங்கியது. "போதுமா?" "அமுக்குங்க." நாற்பதாவது முறையோ என்னவோ, சூட்டு முள் நகர்ந்தது. மேலே ஏறத் தொடங்கியது. பக்கத்திலேயே பெட்ரோல் முள்ளும் கால் டேங்கை விட்டுக் கிளம்பி, அவசரமே இல்லாமல், பாதியைத் தாண்டிப் போய் நின்றது. டேங்கில் ஒரு சொட்டும் கூடவில்லை.

"தம்பி, இங்க வந்து பாருங்க."

மகன் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

மீட்டரம்மா டேஷ்போர்டின் அடியில் கையை விட்டு, மீட்டர் பெட்டியின் உடம்புக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே ஒரு வயரைக் கிளிப் போட்டு இணைத்தார். இரண்டு முள்ளும் சேர்ந்தே இறங்கி, இருந்த இடத்துக்கு வந்தன. கிளிப்பை எடுத்தார், ஏறின. போட்டார், இறங்கின. ஒரு தடவை பார்த்ததை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாவது தடவையும் செய்து பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"இந்த ரெண்டு முள்ளுக்கும் ஒரே சமையல்கட்டுலேர்ந்துதாங்க சாப்பாடு. பின்னாடி சின்னதா ஒரு டப்பா இருக்கு. பேட்டரி குடுக்குற கரண்டை அளந்து ரெண்டுக்கும் பரிமாறும். அந்த டப்பாவுக்கு வண்டி உடம்போட தொடுப்பு இருக்கணும், எர்த்துன்னு சொல்லுவோம். அது விட்டுப்போச்சுன்னா அளக்காம கொட்டிடும். ரெண்டு முள்ளும் அளவுக்கு மீறித் தின்னுட்டு மேல ஏறி உக்காந்துக்கும். உள்ள பெட்ரோல் இல்லைன்னாலும் கால் டேங்க் இருக்குன்னு சாதிக்கும். எஞ்சின் நல்லா இருந்தாலும் கொதிக்குதுன்னு சொல்லும்."

அப்பாவின் மறதியும் அப்பாவின் வீண் பயமும் ஒரே ஒரு கெட்டுப்போன தொடுப்பு என்று மகனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதைக் கவனிக்க மீட்டரம்மா நிற்கவில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றத் தொடங்கிவிட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்றும் மேல்மூடியுடையவை. புதன்கிழமை ஸ்க்ரூவோடு சேர்ந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையம் வந்தது. பார்த்தால் மீட்டர் பெட்டியைப் பிடித்திருந்த எல்லா ஸ்க்ரூவிலும் இருந்தது. பெட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சைக்கிள் ட்யூபைக் கத்தரித்து அழகாகச் செய்தவை. ஒர்க்‌ஷாப் ஆட்கள் இத்தனை பொறுமையாகக் கத்தரிக்கமாட்டார்கள். ரப்பர் கரண்டை விடாது. ஸ்க்ரூவின் கழுத்து எப்போதாவது உரசித் தொட்டுக்கொண்டிருந்த புண்ணியத்தில்தான் முள் இடையிடையே உண்மை பேசியிருக்கிறது.

மீட்டரம்மா வளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மகனின் முகம் வெளிறியிருந்தது. மீட்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. யார் போட்டது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நியாயம்தான், இரண்டு மாதமாக ஒரு மனிதரைத் துண்டுச் சீட்டு எழுத வைத்ததற்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா? ஆனாலும் அவர் கேட்கவில்லை.

"என்னம்மா இருந்துச்சு?" என்றார் சர்வேயர்.

"எர்த் இல்ல ஐயா. வண்டி மேலதான் தப்பு. நீங்க பாத்தது சரி."

"நான்தாம்பா போட்டேன்" என்றார் மகன். "டேஷ்போர்டு கடகடன்னு சத்தம் போடுது, தலைவலிக்குதுன்னு சொன்னீங்கல்ல. ஒரு லீவு நாள்ல பாப்பாவோட கத்தரிக்கோலை வாங்கி நான்தான் வெட்டிப் போட்டேன். இப்படி ஆகும்னு..."

சர்வேயர் ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. "சத்தம் நின்னுச்சேடா. நல்லாத்தான் வெட்டியிருக்கே" என்றார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகையின் வாசல்வரை போய் நின்றார்.

அப்பா மெதுவாக மீட்டரம்மாவின் பக்கம் நகர்ந்தார். மகன் காதில் விழாத மாதிரி கேட்டார். "அப்ப எனக்கு மறதி எல்லாம் இல்லியாம்மா?"

யாராக இருந்தாலும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அவரைக் குளிரவைத்திருப்பார்கள். அதில் ஒன்றும் நஷ்டமில்லை. மீட்டரம்மாவின் வாயில் அது வரவில்லை. "அது எனக்குத் தெரியாது ஐயா. இருந்தாலும் இருக்கும். ஆனா பெட்ரோல் விஷயத்துல இல்ல. அதை நான் பாத்துட்டேன்."

சர்வேயர் வாய்விட்டுச் சிரித்தார். அளந்து சொன்ன பதில் அவருக்குப் பிடித்திருந்தது. வெறும் ஆறுதலாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் மறுபடி சந்தேகப்பட்டிருப்பார். சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவும் அவர் வெட்கப்படவில்லை.

மீட்டரம்மா இரும்பின்மேல் படிந்திருந்த பெயிண்டைச் சுரண்டி, மீட்டருக்குப் பின்னாலிருந்த டப்பாவுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் போட்டார். பிறகு ரப்பர் வளையங்களை ஒன்றுவிடாமல் அதே இடத்தில் மாட்டினார். "இது இருக்கட்டும். இருந்தாத்தான் சத்தம் வராது" என்று வாசல் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். சனியிலிருந்து ஞாயிறுவரை ஸ்க்ரூக்கள் திரும்பி வந்து சேர்ந்தன. எஞ்சின்காரரைக் கூப்பிட்டு மறுபடி ஐம்பது முறை அமுக்கச் சொன்னார், முட்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கேனிலிருந்து ஐந்து லிட்டர் ஊற்றி, முள் எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு ஏறுகிறதா என்று பார்த்தார். எஞ்சின்காரர் சட்டையெல்லாம் நனைய ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, "அடுத்த வாட்டி மேம்பாலத்துக்கே ஓட்டிட்டுப் போயிடு" என்றார்.

வண்டி வாங்க வருகிறவரிடமிருந்து மகனுக்கு போன் வந்தது. "இல்லீங்க, விக்கல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதோடு எல்லாம் தீர்ந்ததென்றுதான் நினைத்திருப்பார். கூலியைக் கொடுத்துவிட்டு, வந்த பழக்கத்தில், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவை நோக்கி நடந்தார். சர்வேயரும் வந்தபோது உட்கார்ந்திருந்த பக்கத்துக்கே மெல்லப் போய்க்கொண்டிருந்தார்.

மகனுக்கு முன்னால் மீட்டரம்மா அந்தக் கதவைத் திறந்தார். மகனின் நீண்ட கால்களுக்காகப் பின்னால் தள்ளியிருந்த இருக்கையின் அடியில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். முழங்காலால் இருக்கையை முன்னால் தள்ளினார். சர்வேயரின் கால்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பல் முன்னால் நகர்த்திப் பூட்டினார்.